பதினேழாம் எண் ஏன் வளைந்தது

பேருந்துக் கழகத்தின் தலைமை அலுவலகத்தில் மாடிப்படிக்கு அடியில் ஓர் அறை உண்டு. கூரை சரிவாக இறங்குவதால், உள்ளே போகிறவர்கள் பாதித் தூரம் நிமிர்ந்தும் மீதித் தூரம் குனிந்தும் நடக்க வேண்டும். அந்தக் குனிகிற பக்கத்தில் ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஓயாமல் அலறும் ஒரு தொலைபேசி. பேருந்து வரவில்லை, வந்தது நிற்கவில்லை, நின்றது கதவைத் திறக்கவில்லை என்று ஊரில் யாருக்கு மனக்குறை வந்தாலும் அந்தத் தொலைபேசிதான் முதலில் அழும். எடுத்துச் சமாதானம் சொல்வது அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் வேலை. சேர்ந்த புதிதில் அவளுக்கு ஒரு பேர் இருந்தது. வருஷங்கள் போகப் போக அது புகார் அக்கா என்று ஆகிவிட்டது. பொது மேலாளரே ஒரு கூட்டத்தில் "நம்ம புகார் அக்கா" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

சமாதானத்துக்கென்று அவளிடம் சில வாக்கியங்கள் கைவசம் இருந்தன. "பாத்துச் சொல்றேங்க." "எழுதி வெச்சிருக்கேங்க." இரண்டும் எடுபடாவிட்டால், "அது மேலிடத்து முடிவுங்க." இந்தக் கடைசி வாக்கியத்துக்குத் தனி மகிமை. சொன்னதும் எதிர்முனையில் ஒரு பெருமூச்சு கேட்கும். அடுத்து, தொலைபேசியை வைக்கிற சத்தம்.

ஒரு மழைக்காலத்துக் காலையில் பேசியவர் மட்டும் வைக்கவில்லை.

"அம்மா, பதினேழாம் நம்பர் பஸ் நேரா போகாம பழைய ஆஸ்பத்திரிச் சந்துக்குள்ள நுழைஞ்சு ஒரு சுத்து சுத்திட்டு வருது. அங்க யாரும் ஏறுறதும் இல்ல, இறங்குறதும் இல்ல. ஆஸ்பத்திரியே அங்க இல்லயே, எப்பவோ ஊருக்கு வெளிய போயிடுச்சு. அப்புறம் எதுக்கும்மா அந்தச் சுத்து?"

"அது மேலிடத்து முடிவுங்க."

"மேலிடம்னா யாரும்மா?" குரலில் கோபமே இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர் போலக் கேட்டார். "பேரு வேண்டாம். பதவி சொன்னா போதும்."

அக்கா கேட்டுச் சொல்வதாகச் சொல்லி வைத்தாள். வைத்த கையோடு எழுந்து போய்க் கேட்கவும் செய்தாள். கால அட்டவணைப் பிரிவில், "நிர்வாகம் சொன்னபடிதான் போடறோம்" என்றார்கள். நிர்வாகப் பிரிவில், "பணிமனை கேட்டதாலதான் அப்படியே விட்டுட்டோம்" என்றார்கள். பணிமனைக்குத் தொலைபேசி செய்தால், பதினேழாம் எண்ணின் மேற்பார்வையாளர், "எங்க கையில என்ன இருக்கு? அட்டவணையில உள்ளதத்தான் ஓட்டறோம்" என்று கூசாமல் சொன்னார். ஆக மொத்தம், அந்தச் சுற்று வேண்டும் என்று சொன்ன ஆள் அந்தக் கழகத்தில் ஒருவர்கூட இல்லை. ஆனால் பேருந்து நாள் தவறாமல் சந்துக்குள் போய்க்கொண்டிருந்தது. தெருவில் யாரோ விட்டுப்போன குழந்தை போல அந்த விஷயம் அவள் இடுப்பில் ஏறி உட்கார்ந்துகொண்டது. இறக்கிவிட முடியவில்லை.

அந்த மாதமே, சிவப்பு விளக்கில் நின்ற ஒரு பேருந்தின் முதுகில் விளம்பரம் பார்த்தாள். பொது நிர்வாகமும் கொள்கையும், முதுகலைப் படிப்பு, வார இறுதி வகுப்புகள், வயது வரம்பு இல்லை. விண்ணப்பித்துவிட்டுத்தான் வீட்டில் சொன்னாள்.

கணவர் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். எதையும் தூக்கிப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத்தான் பேசுவார். அன்றைக்கும் அவளைக் கொஞ்ச நேரம் அப்படியே பார்த்தார்.

"படிச்சு முடிச்சு என்ன ஆகப் போறே?"

"தெரிஞ்சவளா ஆகப் போறேன்."

கல்லூரியில் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்த மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். "அம்மா, பரீட்சை வந்தா டிவி நிறுத்தணும், போன் தொடக் கூடாது, எனக்குப் போட்ட சட்டமெல்லாம் உனக்கும் உண்டு, ஆமா."

வகுப்பில் அவள்தான் மூத்தவள். பாடம் நடத்திய பேராசிரியை அவளைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். ஒல்லியாக, வேகமாகப் பேசுகிறவர். வரும்போதே பாதி வாக்கியத்தோடுதான் கதவைத் திறப்பார். மற்ற மாணவர்களில் பாதிப் பேர் அரசுத் தேர்வுக்குத் தயாராகும் இளசுகள். அமலாக்கம், பொறுப்புடைமை, அதிகாரப் பரவல் என்று அவர்கள் வாயில் வார்த்தைகள் வழுக்கிக்கொண்டு வந்தன. அக்கா முதல் சில வாரம் முழி பிதுங்க உட்கார்ந்திருந்தாள். ஆனால் பேருந்தில் வீட்டுக்குத் திரும்பும்போது சுறுசுறுவென்று இருந்தது. தினமும் கண்முன் நடக்கிறவற்றுக்கெல்லாம் பேர் இருக்கிறது, அதைப் பற்றி யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள் என்பதே அவளுக்குப் பெரிய ஆச்சரியமாக இருந்தது.

இரண்டாம் ஆண்டில் ஆய்வேட்டுக்குத் தலைப்புக் கேட்டார்கள். மற்றவர்கள் வறுமை ஒழிப்பு, மின்னணு ஆளுகை என்று பெரிது பெரிதாகச் சொன்னார்கள். அக்கா எழுந்து, "பதினேழாம் நம்பர் பஸ் ஏன் வளையுதுன்னு பாக்கலாம்னு இருக்கேன்" என்றாள். வகுப்பு கொல்லென்று சிரித்தது. பேராசிரியை சிரிக்கவில்லை. மேசை ஓரத்தில் உட்கார்ந்து முழுக் கதையையும் கேட்டார்.

"யாருமே வேணும்னு சொல்லாத ஒரு ஏற்பாடு எப்படி உயிரோட இருக்கு? நல்லா இருக்கு, எடுத்துக்கோங்க. பதிலை முன்னாடியே முடிவு பண்ணிட்டுப் போயிடாதீங்க, அவ்வளவுதான்."

அக்கா தலையாட்டினாள். ஆனால் பதில் அவளுக்கு ஏற்கெனவே தெரியும் என்றுதான் நினைத்தாள். அந்தச் சந்தின் முனையில் ஒரு முன்னாள் மாமன்ற உறுப்பினர் வீடு இருந்தது. மாடி வைத்த வீடு, உயர்ந்த இரும்புக் கதவு. அவர் ஒரு காலத்தில் ஊரையே ஆட்டி வைத்தவர். "அவர் சொல்லித்தான் வண்டி வளையுது, இது கூடவா தெரியாது?" என்று சிற்றுண்டிச்சாலையில் நாலு பேர் அடித்துச் சொன்னார்கள். போதாதா? 'அரசியல் செல்வாக்கும் வழித்தட நிர்ணயமும்' என்று தலைப்புப் போட்டு, கற்றுக்கொண்ட வார்த்தைகளையெல்லாம் வாரி இறைத்து ஓர் அத்தியாயம் எழுதி முடித்தாள். எழுதி முடித்த பிறகு படித்துப் பார்த்தபோது அவளுக்கே மெய் சிலிர்த்தது.

பேராசிரியை அதைப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "அவரைப் போய்ப் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை போய் அந்த இரும்புக் கதவைத் தட்டினாள். கைவைத்த பனியனோடு வந்து நின்றவருக்குக் காது கொஞ்சம் மந்தம். விஷயத்தை இரண்டு முறை சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. புரிந்ததும் அவர் முகம் செக்கச் செவேல் என்று ஆகிவிட்டது.

"நானா? நான் கேட்டேனா? அந்தச் சனியன் பிடிச்ச வண்டிய நிறுத்துங்கன்னு எத்தனை தடவை சொல்லியாச்சு! வளைவுல வந்து ஹாரன் அடிச்சு அடிச்சே என் காது போச்சு. பதவியில இருந்தப்பவே என்னால நிறுத்த முடியல. நீயாவது நிறுத்திக் குடும்மா, புண்ணியமாப் போகும்."

அத்தியாயம் அந்த வாசற்படியிலேயே உயிரை விட்டது. அவமானமாக இருந்தாலும், திரும்பி நடக்கும்போது அவளுக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை செல்வாக்கு உள்ளவராலேயே நிறுத்த முடியாத சுற்றுக்குப் பின்னால் யார்தான் இருக்கிறார்கள்?

ஒருநாள் விடுப்புப் போட்டுவிட்டுக் காலையிலேயே பதினேழாம் எண்ணில் ஏறி உட்கார்ந்தாள். நடத்துனர் ஒரு பெண். முப்பத்தைந்து வயது இருக்கும். அவள் ஊதும் விசில் சத்தம் அடுத்த நிறுத்தத்துக்கே கேட்கும் என்பதால் விசில் என்றே பேர். ஓட்டுநருக்கு மீசை என்று பேர், காரணம் சொல்லத் தேவையில்லை. புகார் அக்கா படிக்கிறாள், ஏதோ ஆராய்ச்சி பண்ணுகிறாள் என்று இருவருக்கும் காதில் விழுந்திருந்தது. முன் இருக்கையில் இடம் போட்டுக் கொடுத்தார்கள். ஆனால் பேச்சை அளந்து பேசினார்கள்.

சந்துக்குள் வண்டி நுழைந்தது. பழைய மருத்துவமனைக் கட்டடம் இப்போது பள்ளிப் புத்தகங்களை அடுக்கி வைக்கும் கிடங்கு. நிறுத்தத்தில் ஈ காக்கை இல்லை. ஆனாலும் வண்டி நின்றது. "டயர்ல ஏதோ சத்தம்" என்று சொல்லிக்கொண்டு மீசை இறங்கிப் போனார். டயர் இருக்கும் பக்கம் போகாமல் கிடங்கின் பின்பக்கம் போனார். அடுத்த நடையில் விசில், "தண்ணி பிடிச்சுட்டு வர்றேன்" என்று இறங்கினாள். பாட்டிலை இருக்கையிலேயே விட்டுவிட்டுப் போனாள். அதற்கடுத்த நடையில் மீசைக்குத் தெரிந்தவர் யாரோ உள்ளே வேலை பார்க்கிறாராம், ஒரு வார்த்தை பேசிவிட்டு வருகிறாராம்.

டயர், தண்ணீர், தெரிந்தவர். அக்கா எல்லாவற்றையும் குறித்துக்கொண்டாள். ஏதோ கள்ளக் கடத்தலாக இருக்குமோ என்றுகூட ஒரு கணம் மனதில் ஓடியது. ஆனால் நண்பகல் தாண்டியபோது அவளுடைய கவனம் ஆராய்ச்சியில் இல்லை. காலையில் குடித்த தேநீரும் வழியில் குடித்த தண்ணீரும் தங்கள் வேலையைக் காட்ட ஆரம்பித்திருந்தன. ஒரு முனையில் சந்தை, மறுமுனையில் வெட்டவெளி. எங்கேயும் ஒதுங்க இடமில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடைசியில் தாங்காமல் விசிலின் காதருகே குனிந்து, "ஏம்மா, இங்க பக்கத்துல எங்கயாவது பாத்ரூம் இருக்கா?" என்று கேட்டாள்.

விசில் அவளை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு குபீரென்று சிரித்துவிட்டாள். "கொஞ்சம் பொறுத்துக்கோங்கக்கா. சந்துக்கு வந்துட்டோம்."

வண்டி நின்றதும் அக்காவின் முழங்கையைப் பிடித்து இறக்கி, கிடங்கின் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். மருத்துவமனைக் காலத்துக் கழிப்பறைகள் அங்கே அப்படியே இருந்தன. ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். உள்ளே தாழ்ப்பாள் இருந்தது, குழாயில் தண்ணீர் வந்தது, கயிற்றில் கட்டிய சோப்பு தொங்கியது, உடைந்த மூலையோடு ஒரு கண்ணாடிகூட மாட்டியிருந்தது.

அக்கா வெளியே வந்தபோது அவள் முகத்தில் இரண்டு நிம்மதிகள் இருந்தன.

"இதுதானா?"

"இதேதான்" என்றாள் விசில். "இதைக் கண்டுபிடிக்கவா வருஷக்கணக்கா பேனாவும் கையுமா சுத்துறீங்க? நாங்க ஆளுக்குக் கொஞ்சம் போட்டு பினாயில் வாங்கித் தர்றோம், வாட்ச்மேன் சம்சாரம் கழுவி விடுறாங்க."

திரும்பி நடக்கும் அந்தக் கொஞ்ச தூரத்தில் விசில் எல்லாவற்றையும் சொன்னாள். முனையங்களில் ஒன்றும் கிடையாது. முன்பெல்லாம் பெண் நடத்துனர்கள் வேலைக்கு வந்தால் வீடு திரும்பும்வரை தண்ணீரே குடிக்க மாட்டார்கள். அவளோடு சேர்ந்தவள் ஒருத்தி கல் அடைப்பு வந்து துடித்து, வேலையையே விட்டுவிட்டுப் போனாள். மருத்துவமனை இடம் மாறியபோது அட்டவணைப் பிரிவிலிருந்து ஓர் அதிகாரி பணிமனைக்கு வந்து, சுற்றை எடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறார். அப்போது இருந்த ஒரு மூத்த ஓட்டுநர் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, "பயணிகள் இருக்காங்க சார்" என்று சொல்ல, அத்தனை பேரும் ஆமாம் போட்டிருக்கிறார்கள். உண்மையான காரணத்தை அதிகாரி முன்னால் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. வெட்கம். அத்தோடு சரி.

மேலிடம் மேலிடம் என்று தேடியது கடைசியில் கீழிடமாக இருந்ததே என்று அக்காவுக்குத் தோன்றியது. சிரித்துவிட்டாள். விசிலும் சிரித்தாள். ஆனால் படியில் கால் வைக்குமுன் விசிலின் சிரிப்பு நின்றுவிட்டது.

"இதை எழுதிடுவீங்களாக்கா? எழுதினா இந்தச் சுத்தை எடுத்துடுவாங்க. அப்புறம் எங்க கதி?"

அன்றைக்கு மாலை வீட்டில் துணி மடித்துக்கொண்டே விஷயத்தை எடுத்தாள். மகள் சட்டென்று, "கண்டுபிடிச்சதை எழுதலைன்னா எதுக்கும்மா படிக்கிறே?" என்றாள். கணவர் ஒரு சட்டையை மடித்துப் பிரித்து மறுபடி மடித்தார்.

"நம்ம கடையிலயும் கிடையாதே" என்றார் மெதுவாக.

"என்னது?"

"பாத்ரூம். இத்தனை வருஷமா எதிர்த்த பேங்குக்குத்தான் போறேன். அங்க இருக்கற காவலாளிக்குக் கண்ணாடி இலவசமா சரி பண்ணிக் குடுக்கறேன்ல, எதுக்குன்னு நெனச்சே?"

அக்கா கையிலிருந்த துணியை வைத்துவிட்டு அவரையே பார்த்தாள். ஒரே வீட்டில் இத்தனை காலம் குடித்தனம் நடத்தியும் இது அவளுக்குத் தெரியாது. அவரிடம் கேட்க வேண்டும் என்றே தோன்றியதில்லை. ஊராருடைய குறையெல்லாம் கேட்டு முடித்து வரும்போது வீட்டில் இருப்பவருடையதைக் கேட்கக் காது மிச்சமிருக்காது போலிருக்கிறது.

"வங்கி விடுமுறைன்னா?"

"அன்னிக்குக் காபி குடிக்க மாட்டேன்" என்றார் அவர், அது ஒன்றும் பெரிய விஷயமில்லை என்பது போல.

மறுநாள் பேராசிரியையிடம் போய் நின்றாள். எழுதினால் அவர்களுக்குக் கெடுதல், எழுதாவிட்டால் படிப்புக்குத் துரோகம், என்ன செய்வது? பேராசிரியை பேனாவை மேசைமேல் உருட்டினார். "வண்டி எண்ணை மறைச்சு எழுதலாம். ஆனா உங்க அலுவலகத்துல ஒரு பார்வையிலயே கண்டுபிடிச்சுடுவாங்க. எனக்கும் தெரியலைங்க. அவங்க விஷயம், அவங்களையே கேட்டுப் பாருங்களேன்."

கேட்டாள். பணிமனையின் ஓய்வறையில், இரண்டு ஷிப்டுகளுக்கு நடுவே, எழுதிய பகுதியை எடுத்துவைத்துக்கொண்டு வாய்விட்டுப் படித்துக் காட்டினாள். சுவரோரம் பெஞ்சில் ஓட்டுநர்களும் நடத்துனர்களும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். பாதி படிக்கும்போதே ஒருவர் எழுந்துவிட்டார்.

"அக்கா, ஊரெல்லாம் எங்களப் பாத்துச் சிரிக்கும். எங்க மானத்த வாங்காதீங்க."

"மானம் இருக்கட்டும்ணே, கிட்னி போயிடும்" என்றாள் விசில். "நீங்க எங்கயாவது சுவர் ஓரம் நின்னுடுவீங்க. நாங்க? எத்தனை நாளைக்கு டயருன்னும் தண்ணின்னும் பொய் சொல்றது? அந்தக் கிடங்கை நாளைக்கே வித்துட்டாங்கன்னா?"

அதற்குப் பிறகு பேச்சு எங்கெங்கோ போனது. எட்டாம் எண்காரர்களுக்கு ஒரு பெட்ரோல் பங்க், முப்பதாம் எண்காரர்களுக்கு நூலகம், புறநகர் வண்டியின் ஓட்டுநர் ஒருவருக்கு வழியில் மாமியார் வீடு. "அதனாலதான் எனக்கும் என் மாமியாருக்கும் சண்டையே வர்றதில்ல" என்று அவர் சொன்னபோது கூரை அதிரச் சிரித்தார்கள். அக்கா தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தாள். ஊர் வரைபடத்தில் யாரும் குறிக்காத இன்னொரு வரைபடம் இருந்தது, ஒவ்வொரு வழித்தடமும் அதை ஒட்டித்தான் கொஞ்சம் கொஞ்சம் வளைந்திருந்தது. முடிவில் மீசை சொன்னார். "எழுதுங்க. ஆனா ஒண்ணு. ரெண்டு முனையிலயும் கட்டிக் கொடுத்து, நாங்க போய்ப் பாத்துச் சரின்னு சொன்ன பிறகுதான் சுத்தை எடுக்கணும். அதையும் அதுலயே எழுதணும்."

எழுதினாள். தலைப்பும் மாறியது. செல்வாக்கு போய், 'வழித்தடங்களும் பணியாளர் தேவைகளும்' என்று வந்தது.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்தவர் ஓய்வுபெற்ற அதிகாரி. முதலில் சிரித்தார், பிறகு விடாமல் கேள்வி கேட்டார். பயணிகள் இழக்கும் நேரத்தை எப்படிக் கணக்கில் எடுப்பீர்கள்? எல்லாத் துறையும் இப்படித் தன் வசதிக்கு வளைந்தால் என்ன ஆகும்? பொய்க் காரணம் சொன்ன பணிமனையை மன்னிக்கலாமா? சிலவற்றுக்கு அக்கா பதில் சொன்னாள். கடைசிக் கேள்விக்கு, "அதுல எனக்கு இன்னும் தெளிவு வரலைங்க. அவங்க பொய் சொன்னாங்க, நாங்க யாரும் உண்மைய கேக்கல. ரெண்டுல எது பெருசுன்னு யோசிச்சுட்டேதான் இருக்கேன்" என்றாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். முன்னாய்வுகளைப் பற்றிய அத்தியாயம் படு வீக் என்று குறிப்பு எழுதி, நடுத்தரமான மதிப்பெண் போட்டார். நியாயமான மார்க்குதான் என்று அக்காவே சொல்லிக்கொண்டாள்.

பட்டம் வாங்கிய பிறகு ஆய்வேட்டின் ஒரு பிரதியைப் பொது மேலாளர் கேட்டு வாங்கினார். ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டனுப்பினார். அவர் அறைக்கு உள்ளேயே ஒரு கழிப்பறை உண்டு. பேசும்போது அவர் கண் அடிக்கடி அந்தக் கதவுப் பக்கமே போய்வந்தது.

"இத்தனை வருஷத்துல யாரும் எங்கிட்ட சொல்லலையேம்மா."

"எங்கிட்டயும்தான் சார். அவங்க பயணிங்க இல்லையே, புகார் பண்ண எந்த நம்பருக்குக் கூப்பிடுவாங்க?"

அதன் பிறகு ஒன்றிரண்டு காரியங்கள் நடந்தன. அக்காவை அட்டவணைப் பிரிவுக்கு மாற்றினார்கள். நிமிர்ந்து நிற்கலாம், ஜன்னல் உண்டு. வெட்டவெளி முனையில் கட்டட வேலை தொடங்கியது. சந்தை முனையில் இடம் கழகத்துடையதா, சந்தைக்காரர்களுடையதா என்று இழுபறி, அது இன்னும் தீரவில்லை. அதனால் பதினேழாம் எண் இன்றும் சந்துக்குள் வளைந்துதான் வருகிறது. முன்னாள் மாமன்ற உறுப்பினர் அக்காவைத் தெருவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

வெட்டவெளி முனையில் புதிய கழிப்பறை திறந்த காலையில் அக்கா போயிருந்தாள். விசிலும் இன்னும் மூன்று பெண் நடத்துனர்களும் உள்ளே போய் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார்கள். ஓடு நன்றாக இருந்தது. குழாயில் தண்ணீர் பீறிட்டது. பிறகு விசில் கதவைச் சாத்திப் பார்த்துவிட்டுத் தலையை வெளியே நீட்டினாள்.

"அக்கா, இங்க வாங்களேன். தாழ்ப்பாள வெளிப்பக்கம் வெச்சிருக்காங்க."

ஒரு கதவுக்கு மட்டுமல்ல, பெண்கள் பக்கத்தில் எல்லாக் கதவுக்கும் அப்படித்தான். தச்சரைப் பிடித்துக் கேட்டால், "படத்துல அப்படித்தாங்க வரைஞ்சிருந்துச்சு" என்றார். ஆண்கள் பக்கம் சரியாக உள்ளேதான் இருந்தது. அக்கா அங்கேயும் இங்கேயும் மாறி மாறிப் போய்ப் பார்த்தாள். ஒரே படம், ஒரே தச்சர், ஒரே நாள். இது எப்படி?

"அதை அப்புறம் யோசிங்கக்கா" என்றாள் விசில். "வண்டி கிளம்பப் போகுது. இப்ப நான் போறேன், நீங்க கதவப் பிடிச்சுக்கோங்க."

அக்கா கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, கதவில் முதுகைச் சாய்த்து நின்றாள். ஆணி தேடிக்கொண்டிருந்த தச்சரிடம், "அந்தப் படத்த வரைஞ்சது யாருங்க?" என்று கேட்க ஆரம்பித்தாள்.